புளியங்கொட்டாயில் ஒரு செய்முறைத் தேர்வு

பெயர்: கா. காவியா. பிறந்த நாள்: 2001 செப்டம்பர் 9. ஊர்: தருமபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டிக்கு மேற்கே புளியங்கொட்டாய். தந்தை காளியப்பன், உழவர். தாய் கண்ணம்மாள். 2019 முதல் 2022 வரை தருமபுரியில் இளங்கலை ஆங்கிலம். அதன்பின் ஓராண்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. மாலை நேரங்களில் ஜெர்மன் வகுப்பு. 2023 ஜூலையில் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள், பண்பாடுகள் துறையில் முதுகலை மாணவி. முதன்மை மொழி ஜெர்மன். சிறப்புப் பாடம் வாய்மொழிபெயர்ப்பு. இறுதிச் செய்முறைத் தேர்வு நடந்த நாள் 2025 ஜனவரி 18, சனிக்கிழமை. நடந்த இடம் காளியப்பன் வீட்டுக் களம்.

இவை பல்கலைக்கழகக் கோப்பில் உள்ளவை. கோப்பில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சனிக்கிழமை விளங்கும். கண்ணம்மாள் அஞ்செட்டிப் பக்கத்துக் கன்னடம் பேசும் குடும்பத்துப் பெண். அவளுடைய பிறந்த வீட்டாருக்குத் தமிழ் திக்கும். புகுந்த வீட்டாருக்குக் கன்னடம் வராது. இரு வீட்டாருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலை சிறு வயதிலேயே காவியாவின் தலையில் விழுந்தது. விருந்துப் பந்தியில் தாய்மாமன், "இந்தச் சாம்பார மாடுகூடக் குடிக்காது" என்று கன்னடத்தில் சொன்னால், அவள் தந்தை வீட்டாரிடம், "மாமா கொஞ்சம் ரசம் கேக்கறாங்க" என்பாள். இப்படி இழைத்து வழவழப்பாக்கிக் கொடுப்பதில் அவளுக்கு இணை இல்லை என்று இரு பக்கமும் பெயர் வாங்கியிருந்தாள்.

அந்தப் பழக்கத்தைப் பல்கலைக்கழகம் முதல் பருவத்திலேயே முறித்தது. பேராசிரியை சுசித்ரா வகுப்பில் வைத்த விதிகள் சில. பேசுகிறவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்ற ஒட்டுக்கு இடமில்லை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தன் பேச்சைக் கலக்கக் கூடாது. இருமலையும் தும்மலையும் தவிர அவையில் காதில் விழுந்தது எதுவானாலும் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு உண்மையான காரியத்திற்காக உண்மையான மனிதர்கள் பேசிக்கொள்ளும் இடம் வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒலிப்பதிவுக் கருவி ஓட வேண்டும். நடுவில் நிறுத்தினால் தேர்வு செல்லாது; மீண்டும் எழுத ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

காவியா தேர்ந்தெடுத்த இடம் சென்னையில் ஒரு மருத்துவக் கருத்தரங்கு. அது தள்ளிப்போயிற்று. அதே வாரத்தில் பெங்களூரிலிருந்து குரு அழைத்தார். அவர் சிறுதானியம் ஏற்றுமதி செய்யும் தரகர். ஜெர்மனியிலிருந்து ஒரு மாவு ஆலைக்கார அம்மாள் புளியங்கொட்டாய்க்கு வருகிறார், கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார் என்றார்.

"உங்க அப்பாரு சொன்னாரு, பொண்ணே ஜெர்மன் படிக்குதுன்னு. நீங்கதான் மேடம் காப்பாத்தணும்."

அது தன் வீட்டுக் களம் என்பதைக் காவியா பேராசிரியையிடம் தொலைபேசியில் ஒளிக்கவில்லை.

"சொந்தக்காரர்கள் இருக்கிற இடத்தில் உட்காராதே என்பேன். வேறு வழி இல்லையென்றால் உட்கார். ஆனால் விதி உனக்காக இளகாது" என்றார் சுசித்ரா.

"தெரியுங்க மேடம்" என்றாள் காவியா. தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்த வருகையில் ஊருக்கு என்ன இருந்தது என்பதையும் அவள் அறிவாள். புளியங்கொட்டாயில் இருபத்தெட்டுக் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து, மூன்றாண்டுகளாக ரசாயன உரமும் மருந்தும் போடாமல் ராகியும் சாமையும் விளைத்து வந்தன. விளைச்சல் குறைந்தது, களை கூடியது, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாண்டும் தாக்குப்பிடித்தால் வெளிநாட்டு ஆலை நேரடியாக வாங்கும் என்ற ஒரு பேச்சை நம்பியே அவர்கள் குனிந்து களை எடுத்தார்கள். குழுத் தலைவர் காளியப்பன். எந்தத் துண்டு நிலத்திலும் மருந்து படவில்லை என்று பருவத்துக்கு ஒருமுறை கையெழுத்திட்டவரும் அவரே. ஆலைக்கார அம்மாளுக்கு மனம் நிறைந்தால் ஒப்பந்தம். இல்லையென்றால் மூன்றாண்டும் வீண்.

சனிக்கிழமை காலை களத்தில் பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகள் வரிசை பிடித்திருந்தன. பெண்கள் தார்ப்பாயில் உட்கார்ந்தார்கள். குருவின் காரில் வந்த அம்மாளின் பெயர் ஹைக்கே. அறுபதை நெருங்கிய, நெட்டையான உருவம், வெயிலில் சிவந்துபோகும் முகம். நன்றி சொல்லவும் தண்ணீர் கேட்கவும் மட்டும் போதுமான ஆங்கிலம். வந்ததும் மூட்டையிலிருந்து நான்கு ராகி மணியை எடுத்து முன்பல்லில் கடித்துப் பார்த்துவிட்டே உட்கார்ந்தார்.

காளியப்பன் எழுந்து அவையோரிடம் சொன்னார். "பாப்பா மொழி மாத்திச் சொல்லும். அவங்க பேசறத அப்படியே பேசும். 'நான்'னு சொன்னா அது அந்தம்மாதான். கொழப்பிக்காதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். காவியா ஒரு முக்காலியின்மேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து அமுக்கினாள். சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹைக்கேயின் முதல் கேள்வி எளியது. காவியா அதைத் தமிழில் சொன்னாள்: "நான் முதல்ல விதை வெச்சிருக்கிற எடத்தப் பாக்கணும்."

"நேத்துதான் நீயே கூட்டி மெழுகின, அதுக்குள்ள மறந்துட்டியா?" என்றாள் பக்கத்து நிலத்துக்காரி தங்கம்மாள். தார்ப்பாய் குலுங்கிச் சிரித்தது. காவியா அந்தக் கேலியையும் ஜெர்மனில் கொண்டுபோனாள். ஹைக்கேயும் சிரித்தார். இது நடந்துவிடும் என்று காவியாவுக்குத் தோன்றியது.

விதை அறையைப் பார்த்துத் திரும்பினார்கள். பேச்சு கொஞ்சம் இறுகியது.

"உங்க பேச்ச மட்டும் கேட்டு நான் வாங்க முடியாது. ஒவ்வொரு துண்டப் பத்தியும் நான் கேப்பேன். நேரா பதில் சொல்லுங்க" என்றாள் காவியா, ஹைக்கேயின் குரலாக.

தங்கம்மாள் விடவில்லை. "ஏண்டி, அப்பன் பேச்சுமேல நம்பிக்கை இல்லியா? மெட்ராசுத் தண்ணி குடிச்சா இப்படித்தான் வரும்."

"அது அந்தம்மா கேக்கறது அக்கா" என்றார் காளியப்பன்.

"அந்தம்மா வாய் அசையல, இவ வாய்தான் அசையுது!"

மறுபடி சிரிப்பு. ஆனால் இம்முறை ஓரத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. காளியப்பன் பேச்சை மாற்ற விரும்பினார்போல. "எம் பொண்ணுங்க இது. எங்க ஊர்ல மொதமொதல்ல வெளிநாட்டுப் பாஷை படிச்சது இதுதான்" என்றார். விதிப்படி காவியா ஹைக்கேயிடம், "இவள் என் மகள்" என்றாள். தன்னைத் தானே மகள் என்று அறிமுகம் செய்கிற அந்த வாக்கியம் வாயில் ஒட்டாமல் நழுவியது. ஹைக்கே புருவத்தை உயர்த்தி அவளையும் தந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை அவருக்கு யாரும் இதை இப்படி நேராகச் சொல்லியிருக்கவில்லை.

அதன்பிறகு ஹைக்கேயின் கேள்விகள் நீளம் குறைந்தன. களைக்கு என்ன செய்கிறீர்கள்? கையால்தான் எடுக்கிறோம். யார் எடுப்பது? வீட்டு ஆட்கள், முடியாதபோது ஒருவருக்கொருவர் கைமாற்று ஆள் போவோம். மூன்றாண்டில் எந்தத் துண்டிலாவது மருந்து பட்டதுண்டா?

"இல்லீங்க" என்றார் காளியப்பன்.

காவியா அதைக் கொண்டுபோனாள். ஒரே சொல். ஹைக்கே கையிலிருந்த குழுவின் விளைச்சல் கணக்குத் தாளைப் புரட்டினார்.

"ஓடைக்கு மேல ஒரு துண்டு இருக்குது. ரெண்டு வருஷம் அதுலேர்ந்து ராகி வந்திருக்குது. இந்த வருஷம் வரல. ஏன்னு நான் தெரிஞ்சிக்கணும்."

ஓடையோரத் துண்டு காளியப்பனின் தம்பி பூவரசனுடையது. அவர் காவியாவின் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். நாற்காலியின் முதுகில் அவர் கை இறுகுவது அவளுக்குத் தெரிந்தது. குனிந்து, தாழ்ந்த குரலில், ஆனால் முக்காலிக்கு ஒரு முழத் தூரத்தில் சொன்னார்:

"பாப்பா, ஆடியில அதுக்குக் களை மருந்து அடிச்சிட்டேன். அத மட்டும் சொல்லிராத சாமி. வெதை மொளைக்கலன்னு சொல்லிரு."

காளியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "அந்த மிஷின நிறுத்து பாப்பா."

குருவுக்கு ஜெர்மன் தெரியாது; ஆனால் எது நடக்கிறது என்று தெரியும். இன்னொரு பக்கத்திலிருந்து காவியாவிடம் சாய்ந்து, "மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார். கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்பதை அவர் பெங்களூர்க் கன்னடத்தில் சொன்னதால் அது இரகசியமாகிவிடவில்லை. தார்ப்பாயில் இருந்த கண்ணம்மாளுக்கு அது நன்றாகவே விளங்கியது; அவள் தலை குனிந்தது.

மூன்று பேர் மூன்று வேண்டுகோள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹைக்கே பொறுமையாகக் காவியாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விதை முளைக்கவில்லை. ஜெர்மனில் அது நான்கே சொற்கள். முதலாண்டு மாணவனுக்கும் வரும். அந்தக் களத்தில் அதைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை. சென்னையில் ஒருவர் இருக்கிறார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்த வாரம் கேட்பார். இரு வரியில் தோல்வி என்று எழுதுவார். ஓராண்டு போகும். ஓராண்டுதானே என்றும் அவள் மனம் சொன்னது. எதிரே இருபத்தெட்டுக் குடும்பங்கள். தங்கம்மாளின் விரல் நகங்களில் இன்னும் களையின் பச்சைக் கறை. தன் சித்தப்பா பின்னால் நிற்க, தன் அப்பா உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்து, அவள் எந்த வாயால் அந்த மருந்தைச் சொல்வது?

காலையிலிருந்து அவள் சொன்ன ஒவ்வொரு "நான்"னும் வேறொருவருடையது. அதற்காக அவளைத் திட்டினார்கள். அவள் பொறுத்துக்கொண்டாள், அது தன்னுடையது அல்ல என்பதால். இப்போது விதை முளைக்கவில்லை என்று சொன்னால், அன்று அவள் தன் சொந்தக் கணக்கில் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கும்.

காவியா கைகளை மடியில் சேர்த்துக்கொண்டு ஜெர்மனில் பேசினாள். "ஆடி மாதத்தில் அந்தத் துண்டுக்கு நான் களை மருந்து அடித்தேன். அதை மட்டும் சொல்லிவிடாதே, கண்ணே. விதை முளைக்கவில்லை என்று சொல்." மூச்சு வாங்கினாள். "அந்தக் கருவியை நிறுத்து, மகளே." பிறகு, "அம்மணி, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதைச் சொன்னவரின் பக்கம் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். அதுவும் வகுப்பில் கற்றுத் தந்ததுதான். பூவரசன் அந்தக் கையைப் பார்த்தார். ஜெர்மன் தெரியாவிட்டாலும் அந்தக் கை என்ன சொன்னது என்று அவருக்கு விளங்கியது.

"சொல்லிட்டியா?" என்றார்.

விதி அதையும் விடவில்லை. அவள் ஹைக்கேயைப் பார்த்து, "சொல்லிவிட்டாயா?" என்றாள்.

ஹைக்கே தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். அதுவரை ஊர்க்காரர்களையே பார்த்துப் பேசிவந்தவர், இப்போது காவியாவின் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே அந்தப் பார்வையை எடுத்துக் காளியப்பன்மேல் வைத்தார். கேள்வி நிதானமாக வந்தது. காவியா அதைத் தமிழாக்கத் தன் தந்தையின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

"இது உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

காளியப்பன் மேல்துண்டை எடுத்து மடித்தார். மறுபடி தோளில் போட்டார். அவர் பார்வை மகளின் முகத்தைவிட்டு அகலவில்லை.

"யாரு கேக்கறது? நீயா, அவங்களா?"

அவள் "அவங்கதாங்கப்பா" என்றிருந்தால் போதும். ஆனால் அது மொழிபெயர்ப்பாளரின் சொந்தப் பேச்சு. அவள் கேள்வியை அப்படியே ஹைக்கேயிடம் கொடுத்தாள். ஹைக்கே ஒரு நொடி விளங்காமல் பார்த்து, பிறகு விளங்கிக்கொண்டு, தன் மார்பில் கை வைத்துச் சொன்னார். காவியா தந்தையின் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னாள்.

"நான் கேக்கறேன்."

களத்தில் யாரும் இம்முறை சிரிக்கவில்லை.

"தெரியும்" என்றார் காளியப்பன். பிறகு அவர் நிறுத்தாமல் பேசினார், அவளையே பார்த்து. அவள் குறிப்பெடுத்துக் குறிப்பெடுத்துக் கொண்டுபோனாள். "எந் தம்பி பொண்டாட்டி பானுமதி வவுத்துல கட்டின்னு ஆனியிலேர்ந்து சேலம் ஆசுபத்திரியில கெடந்துச்சு. இவன் அங்கயே கெடந்தான். களை இடுப்பளவு ஏறிப்போச்சு. கைமாத்து ஆளுக்கு எல்லார் வூட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவங்கவங்க நெலத்துலயே வேலை. யாரும் வரல. இவன் ஒரு நாள் வந்து அடிச்சிட்டுப் போயிட்டான். வெடிஞ்சிதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்த ராகிய இதுல ஒரு படிகூடச் சேக்கலீங்க; பாப்பாரப்பட்டி சந்தையில தனியா வித்துட்டோம். எழுதினா அவன் ஒருத்தனுக்காக எல்லாரும் போயிருவோம்னு எழுதல. கையெழுத்து என்னுது. தப்பும் என்னுது."

கடைசி இரு வாக்கியங்களில் காவியாவின் ஜெர்மன் தடுமாறவில்லை. அவள் பயந்தது அங்கேதான்.

ஹைக்கே எழுந்தார். ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார். களத்துப் பேச்சு முடிந்ததால் ஒலிப்பதிவும் அங்கே முடிந்தது, வேலை முடியவில்லை. எல்லோரும் வரப்பின்மேல் வரிசையாக நடந்தார்கள். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவு. பூவரசனின் துண்டிலிருந்து மழைநீர் எந்தப் பக்கம் இறங்கும், எந்த எந்த நிலத்தைத் தொடும் என்று ஹைக்கே கையால் கோடு போட்டுக் கேட்டார். வீரமணி என்ற மேல்காட்டுக்காரர் பதில் சொன்னார். கீழே இறங்கும் தண்ணீர் தொட்ட முதல் நிலம் தங்கம்மாளுடையது. இரண்டாவது காளியப்பனுடையது.

ஹைக்கேயின் முடிவைக் காவியா வரப்பில் நின்றபடி சொன்னாள். "இந்தத் துண்டுலேர்ந்தும் இதுக்குக் கீழ இருக்கிற நெலம் எதுலேர்ந்தும் இந்த முறை நான் வாங்க மாட்டேன். அவங்க மறுபடி மொத வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். மேல இருக்கிற நெலத்து மண்ண நான் சோதிப்பேன். சரியா இருந்தா அவங்களோட கையெழுத்துப் போடுவேன். நெலத்தப் பாத்து எழுதறவர் வேற ஒருத்தரா இருக்கணும். எங்கிட்ட இருக்கிறது சின்ன ஆலை. ஒரு பை திரும்பி வந்தா நான் ஆலைய மூடணும்."

தங்கம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "வாங்க மாட்டியா? மூணு வருசம் முதுகொடியக் களை புடுங்கினவ நான். அவன் அடிச்சதுக்கு என்னையத் தள்றியா? ஒம் படிப்புக்கு எங்க பொழப்பா கெடச்சுது?"

"அந்தப் புள்ளைய ஏன் திட்டற?" என்றார் பூவரசன். "எம் பொண்டாட்டி ஆசுபத்திரியில கெடந்தப்ப எங்கண்ணன் வூடு வூடா வந்து கூப்ட்டாரே, ஒருத்தி வந்தியா? ஒரு நாள், ஒரே நாள் வந்திருந்தா நான் டப்பாவத் தொட்டிருப்பனா?"

"வராத தப்புக்கு வெசத்த அடிப்பியா?"

"அடிச்சேன்! நாந்தான் அடிச்சேன்! இப்ப என்னா பண்ணச் சொல்ற?"

ஹைக்கே காவியாவின் பக்கம் குனிந்து, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். கருவி அணைந்துவிட்டது, சென்னையில் யாரும் கேட்கப்போவதில்லை, சுருக்கமாகச் சண்டை என்று சொல்லிவிட்டிருக்கலாம். காவியா தொடர்ந்து மொழிபெயர்த்தாள். இரு பக்கத்து "நான்"களையும் ஒன்று விடாமல் கொண்டுபோனாள். குருகூடக் காரில் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு கட்டத்தில் ஹைக்கே தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவளிடம் கொடுத்தார். பிறகு பூவரசனிடம் போய், மொழி இல்லாமல், அவர் முழங்கையை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார் இருந்த பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. கண்ணம்மாள் மட்டும் தட்டை வைக்கும்போது கன்னடத்தில், "சாப்பிடு" என்றாள். காளியப்பன் சாப்பிட்டுக் கை கழுவியபின் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சொன்னதுக்கு நான் கோச்சிக்கல. என்னிக்கி இருந்தாலும் வெளிய வர வேண்டியதுதான்" என்றார். "ஆனா 'அவங்க கேக்கறாங்கப்பா'ன்னு ஒரு வார்த்தை சேத்திருக்கலாம்ல? அத்தன பேர் முன்னால 'நான் கேக்கறேன்'னு சொன்னியே."

"அது விதிங்கப்பா."

"உங்க காலேஜுல அப்பனுக்கு ஒரு விதியும் எழுதலியா?"

அதைவிடக் கடினமான ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. ஒலிப்பதிவால் யாருடைய பெயர் கெடுமோ அவர்கள் இசைந்தால்தான் அதைத் தேர்வுக்கு அனுப்ப முடியும். அவள் அதையும் அவரிடம் சொன்னாள்.

"அதுல எங்க மானம் இருக்குது. அனுப்பாத."

அடுத்த நாள் முழுவதும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பூவரசன் வீட்டுப் பக்கம் போகவும் துணிவில்லை. தோற்றுப்போன தேர்வைப் பேராசிரியைக்கு எப்படி எழுதுவது என்று வரிகளை மனத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை, சென்னைக்குப் போகப் பையை எடுத்தபோது, காளியப்பன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதப் போடு. கேக்கறேன்."

முழுவதையும் கேட்டார். ஜெர்மன் வரும்போதெல்லாம் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, "இங்க என்னா சொன்ன?" என்று கேட்டார். அவள் சொன்னாள். தங்கம்மாளின் மெட்ராசுத் தண்ணீருக்கு வந்தபோது அவர் மீசை ஓரம் அசைந்தது. பூவரசனின் தாழ்ந்த குரலும், தன் குரலும், குருவின் குரலும் வந்தன. அதன்பின் கருவியில் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் ஒரு டிராக்டர் மட்டும் போயிற்று. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. மகள் பேசாமல் இருந்த அந்த இடத்தைக் கடைசி வரை கேட்டார்.

பிறகு அவருடைய நீண்ட பேச்சு. அதற்கு அவள் பேசிய ஜெர்மனும் அதே அளவு நீண்டது.

"இவ்வளவு நேரம் என்னா சொன்ன?"

"நீங்க சொன்னதெல்லாங்கப்பா. சித்தி ஆசுபத்திரியில இருந்தது, நீங்க வூடு வூடாப் போனது, தனியா வித்தது."

"ஒன்னும் விடல?"

"விடல."

"கடைசியில நான் சொன்னது?"

"'கையெழுத்து என்னுடையது. தவறும் என்னுடையது.'"

அவள் அதை அச்சுத் தமிழில் சொன்னது அவருக்கு வேறு யாரோ சொன்னதுபோல் இருந்திருக்க வேண்டும்.

"நான் சொன்னத யாரும் இப்படி முழுசாக் கேட்டதில்ல" என்றார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "அனுப்பிக்க. எந் தம்பிகிட்ட நான் பேசறேன். நீ இப்ப அந்தப் பக்கம் போவாத, அவனுக்கு இன்னும் ஆறல."

பூவரசனின் இசைவு பிற்பகலில் வந்தது. பானுமதிதான் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. காபி வேண்டாம் என்றாள். அந்தக் குடும்பம் காவியாவிடம் பேசத் தொடங்க ஆடி மாதம் ஆயிற்று. தங்கம்மாள் அதற்கு முன்பே பேசிவிட்டாள், திட்டுவதற்காக.

2025 ஜனவரி 27 அன்று காவியா ஒலிப்பதிவைத் துறையில் ஒப்படைத்தாள். மதிப்பீட்டாளர் இருவர். ஒருவர், "உறவினர் அவையில் அமர்ந்தது பிழை; பணியில் பிழை இல்லை" என்று எழுதினார். மற்றவர் ஓரிடத்து நீண்ட தாமதத்துக்காக மதிப்பெண் குறைத்தார். காவியா தேறினாள். மே மாதத்தில் முதுகலை முடித்தாள். இப்போது ஓசூரில் வாய்மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறாள். சொந்த ஊர் அழைத்தால் வேறொருவரை அனுப்புகிறாள்.

மேல் நிலங்களின் மண் சோதனை முடிவு பிப்ரவரியில் சரியாக வந்தது. நிலங்களைப் பார்த்து எழுதும் பொறுப்பு வீரமணிக்குப் போயிற்று. மார்ச் 11 அன்று பாப்பாரப்பட்டியில் ஒப்பந்தம் படிக்கப்பட்டது. மொழிபெயர்த்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெரியவர். காளியப்பன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

கையெழுத்திட்ட குடும்பங்கள்: பதினேழு.